கல்விச் சமூகவியலில் முதுமாணி முடித்தாயிற்று, இனி வன்னியில் எங்கே வேலை தேடுவது?

பெறுபேறு வந்த கிழமையே வீட்டில் கேட்பார்கள்: "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம், பிள்ளை?" அம்மா கேட்பார், சித்தப்பா கேட்பார், கிளிநொச்சிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஐயாவும் கேட்பார். கணக்கியல் என்றால் அடுத்த கேள்வி வராது. கல்விச் சமூகவியல் என்றால் பள்ளிக்கூடம் படிப்பிக்கிறதா, சமூக சேவையா என்று இரண்டில் ஒன்றுக்குள் உங்களைப் போட்டுவிடுவார்கள். நான் இரண்டு வருடம் துணுக்காய்ப் பக்கம் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன், பிறகு மூன்று வருடம் தொண்டு நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த வேலை, அதற்குப் பிறகுதான் ஆசிரிய நியமனம் வந்தது. இப்போது வார இறுதியில் ஆசிரியர்களுக்கு இதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். இந்தப் பாதையில் எனக்கு யாரும் சொல்லித் தராததை இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் வருகிறவர்கள் அதே வருடங்களைச் செலவழிக்கத் தேவையில்லை.

முதல் விசயம். வர்த்தமானியில் "கல்விச் சமூகவியலாளர்" என்று ஒரு பதவி வராது. வரும் என்று பார்த்துக்கொண்டிருந்து முப்பது வயதைத் தாண்டியவர்கள் எனக்குத் தெரியும், அவர்களில் சிலர் என்னைவிடக் கெட்டிக்காரர். படிப்பின் பெயரில் வேலையைத் தேடாதீர்கள், படிப்பு உங்களுக்குக் கற்றுத்தந்த கேள்வியை வைத்துத் தேடுங்கள். ஆறாம் வகுப்பு இடாப்பில் நாற்பது பெயர் இருந்தது, அதே பிள்ளைகள் பதினோராம் வகுப்புக்கு வரும்போது இருபத்தைந்து பெயர்தான் இருக்கிறது என்று வையுங்கள். மற்றவர்கள் "பிள்ளையளுக்குப் படிப்பிலை அக்கறையில்லை" என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் அந்தப் பதினைந்து பேரும் யார், எந்தக் குடியேற்றத் திட்டத்துப் பிள்ளைகள், எத்தனை பேர் பெண்கள், எத்தனை வீட்டில் தகப்பன் இல்லை, காலை பஸ் அந்த ஒழுங்கைக்கு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேவைப்படுகிற இடமெல்லாம் உங்களுக்கு வேலை இருக்கக்கூடிய இடம். வலயக் கல்வி அலுவலகம், பிரதேச செயலகம், கல்வியியற் கல்லூரி, சிறுவர் பாதுகாப்புப் பிரிவு, தொண்டு நிறுவனம், ஆய்வு நிறுவனம், எல்லாம் இதற்குள் வரும்.

கையில் இருக்கும் சான்றிதழை முதலில் வாசியுங்கள்

சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் பலர் செய்வதில்லை. எம்.எட்., கல்வியில் எம்.ஏ., சமூகவியலில் எம்.ஏ., எம்.ஃபில். என்று எல்லாவற்றிலும் கல்விச் சமூகவியலைப் படித்திருக்கலாம், ஆய்வும் அதில் செய்திருக்கலாம். விண்ணப்பத்தைத் தரம் பிரிக்கும் அலுவலருக்கு இவை வெவ்வேறு தகைமைகள். "கல்வித்துறையில் பட்டப்பின் பட்டம்" என்று கேட்கிற இடத்தில் சமூகவியல் முதுமாணியை ஏற்பார்களா என்பது அந்தச் சேவையின் ஆட்சேர்ப்பு விதிகளைச் சொல்லும் பிரமாணக் குறிப்பில் இருக்கும் ஒரு வரியில் தங்கியிருக்கிறது, அந்த வரியை நீங்களே தேடி வாசிக்க வேண்டும். நண்பர் சொன்னார், சங்கத்தில் சொன்னார்கள் என்பதெல்லாம் போதாது.

அடுத்தது மட்டம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மொத்தம் 12 மட்டங்கள் உண்டு. பாடநெறி மட்டும் படித்து முடிக்கும் முதுமாணி 9ஆம் மட்டம், பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், எம்.ஃபில். 11, கலாநிதிப் பட்டம் 12. பல்கலைக்கழகப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு 9க்கும் 10க்கும் இடையில் உள்ள வித்தியாசம் பெரியது. நான் ஒரு முறை விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சை வரைக்கும் போய், ஆய்வுப் பகுதியின் திறமைப்புள்ளி (கிரெடிட்) எத்தனை என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றேன். விபரமான பெறுபேற்றுப் பத்திரத்தை அதுவரை ஒழுங்காகப் பார்த்ததேயில்லை. பெறுபேற்றுப் பத்திரம், பட்டம் வலுப்பெறும் திகதிக் கடிதம், வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதம், இவை எல்லாம் ஒரே கோவையில் இருக்க வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்பு யாழ்ப்பாணத்துக்கு ஓடி இதில் எதையும் எடுக்க முடியாது.

ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்கள்

வன்னியில் இந்தப் படிப்பைப் படிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இவர்கள்தான். காலையில் பள்ளிக்கூடம், சனி ஞாயிறு விரிவுரை, இரவு குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஒப்படை. உங்களுக்கு நான் முதலில் சொல்வது, வேலையை விட்டுவிடாதீர்கள். அரச சேவைக்குள் இருந்துகொண்டு போகக்கூடிய வாசல்கள் வெளியில் நிற்பவர்களுக்கு இருப்பதைவிட அதிகம்.

இலங்கை கல்வி நிர்வாக சேவை எல்லோருக்கும் தெரிந்த வழி. திறந்த போட்டிப் பரீட்சை ஒன்று, சேவையில் இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை ஒன்று, அனுபவமும் திறமையும் பார்த்து எடுப்பது ஒன்று என்று மூன்று பாதைகள் உண்டு. பரீட்சையில் முதுமாணியா என்று யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் கல்விப் பிரச்சினை ஒன்றைத் தந்து அதை ஆராயச் சொல்கிற வினாத்தாளில், வெறும் நிர்வாக வசனங்களை எழுதுகிறவருக்கும் துணுக்காய் வலயத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏன் ஆசிரியர் நிற்பதில்லை என்று காரணத்தோடு எழுதுகிறவருக்கும் வித்தியாசம் தெரியும். சித்தியடைந்து வலயத்துக்குப் போனால், அங்கே திட்டமிடல் பிரிவும் முறைசாராக் கல்விப் பிரிவும் இருக்கின்றன. உங்கள் படிப்புக்கு மிக நெருக்கமான இரண்டு மேசைகள் அவை. பாடசாலைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு வருடமும் எடுக்கப்படுகிறது, எண்கள் கொழும்புக்குப் போகின்றன, ஆனால் அந்த எண்களை வைத்து "இந்தக் கோட்டத்தில் ஒன்பதாம் வகுப்பில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள்" என்று வலயத்திலேயே உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். 2016இல் இருந்து 16 வயது வரைக்கும் கட்டாயக் கல்வி. அதைச் செயற்படுத்துவது என்றால், வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போய் ஏன் வரவில்லை என்று கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது என்று பயின்ற ஆள் நீங்கள்.

நிர்வாகம் சரிவராது என்று நினைக்கிறவர்களுக்கு ஆசிரியர் கல்வியியலாளர் சேவை இருக்கிறது. என் கணிப்பில் நம் படிப்புக்கு மிகப் பொருத்தமானது அதுதான், ஆனால் பேசப்படுவது குறைவு. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் விரிவுரையாளராக இருப்பவர்கள் இந்தச் சேவையைச் சேர்ந்தவர்கள். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி பூந்தோட்டத்தில் இருக்கிறது, யாழ்ப்பாணத்துக் கல்லூரி கோப்பாயில். அங்கே பயிற்சி பெறும் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள்தான் நாளைக்கு நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் ஆரம்பப் பிரிவில் நிற்கப்போகிறார்கள். முதல் நியமனம் போகும் முன்பே, வகுப்பில் பின்வாங்கில் பேசாமல் இருக்கிற பிள்ளை மக்குப் பிள்ளையாக இருக்கத் தேவையில்லை, காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையாக இருக்கலாம் என்று அவர்களுக்கு விளங்கவைக்க ஒரு ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆசிரியர் ஆலோசகர் சேவையும் உண்டு. அதில் பாடத்துக்குப் பாடம் ஆள் எடுப்பார்கள் என்பதால் உங்கள் முதல் பட்டப் பாடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதிபர் சேவையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: கிராமத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் அதிபராகப் போய், பெற்றோரை உள்ளே கூப்பிட்டு இருத்திப் பேசிய ஒருவர் மூன்று வருடத்தில் வரவு இடாப்பையே மாற்றியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அவருடைய முதுமாணியும் இதே பாடம்தான்.

சேவைக்குள் ஏறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது வருகைதரு விரிவுரை. பட்டப்பின் கல்வி டிப்புளோமா வகுப்புகளுக்குக் கல்விச் சமூகவியல் படிப்பிக்கத் தமிழ்மொழி மூல ஆட்கள் எப்போதும் தேவைப்படுவார்கள். பணம் பெரிதாக வராது, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கழிந்தால் மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் இரண்டு வருடம் படிப்பித்த கடிதம் கையில் இருந்தால் அடுத்த விண்ணப்பத்தில் அது பேசும்.

வேலை இல்லாமல் நிற்பவர்கள்

உங்கள் நிலை வேறு, உங்களுக்கு இதே புத்தியைச் சொன்னால் அது அநியாயம். முதல் பட்டம் முடித்து வேலை கிடைக்காததால் முதுமாணிக்குப் போனவர்கள் பலர் இருக்கிறீர்கள். முதுமாணியும் முடிந்துவிட்டது, வேலை இன்னும் இல்லை, இனி இன்னொரு டிப்புளோமா செய்யலாமா என்று யோசிக்கிறீர்கள். செய்யாதீர்கள். ரொனால்ட் டோர் என்ற பிரித்தானிய சமூகவியலாளர் 1976இலேயே இங்கிலாந்து, யப்பான், கென்யாவோடு சேர்த்து இலங்கையையும் எடுத்துக்காட்டாக வைத்து இதைத்தான் எழுதினார். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கூடக் கூட, அதே வேலைக்குக் கேட்கப்படும் சான்றிதழும் உயர்ந்துகொண்டே போகும், வேலை கூடாது. பாடத்தில் படித்ததை நம் சொந்த வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்க்க நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. அந்த ஒரு வருடத்தையும் கட்டணத்தையும் வேறு மூன்று விசயத்தில் போடுங்கள்: ஆங்கிலத்தில் இரண்டு பக்க அறிக்கை எழுதப் பழகுவது, சிங்களம் பேச வாசிக்கப் பழகுவது, எக்செல்லில் ஒரு பாடசாலைப் பிள்ளைகளின் ஐந்து வருட வரவைப் போட்டுப் பிரித்துக் காட்டப் பழகுவது. அரச சேவையில் சேர்ந்தால் எப்படியும் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள், முன்கூட்டியே படித்தால் இரட்டை இலாபம்.

வர்த்தமானி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரும், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வடமாகாணத்துக்கான ஆட்சேர்ப்பை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு தனியாக அறிவிக்கும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பாடசாலைகள் மாகாணத்தின் கீழ், தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "ஒண்டும் போடேல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை இரவு அரை மணித்தியாலம் இதற்கு என்று ஒதுக்குங்கள், நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து முறைவைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

பிரதேச செயலகத்தையும் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தையும் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று பதவிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய பிள்ளையின் கோவை கடைசியில் இவர்கள் மேசைக்குத்தான் வரும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1929 என்ற இலக்கத்தில் முறைப்பாடு எடுக்கிறது, நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் தனியாக இருக்கிறது. அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்து, அலுவலகத்தில் கடிதம் பதிகிற வேலை தந்திருக்கிறார்கள் என்று மனம் விட்டுப்போனவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: சிறுவர் அபிவிருத்திக் குழுக் கூட்டங்களுக்குப் போக நீங்களாகக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் அறிக்கை எழுத ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். ஆறு மாதம் ஒழுங்காக அறிக்கை எழுதினால் உங்களைத் தேடி வருவார்கள்.

தொண்டு நிறுவன வேலையைப் பற்றி உள்ளபடி

2009க்குப் பிறகு, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து சனம் ஊர் திரும்பிய வருடங்களில், ஏ9 வீதியில் எங்கு பார்த்தாலும் நிறுவனங்களின் வாகனம்தான். அந்தக் காலத்தில் வேலைக்குப் போன அண்ணாமார் அக்காமார் சொல்லும் கதையை வைத்து இன்றைக்கு எதிர்பார்ப்பு வைக்கக் கூடாது. பணம் குறைந்தது, பல நிறுவனங்கள் போய்விட்டன. யுனிசெப், சேவ் த சில்ட்ரன், வேர்ல்ட் விஷன் போன்ற பெரிய பெயர்கள் நாட்டில் இருக்கின்றன, அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் உள்ளூர் நிறுவனங்களும் இருக்கின்றன. பெரும்பாலும் முதல் வேலை உள்ளூர் நிறுவனத்தில்தான் கிடைக்கும்.

பதவியின் பெயர் கள உத்தியோகத்தர், திட்ட உத்தியோகத்தர், கண்காணிப்பு மதிப்பீட்டு உத்தியோகத்தர் என்று வரும். கடைசியாகச் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பும் மதிப்பீடும் என்பது, செலவழித்த காசுக்குப் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஏதாவது மாறியதா என்று ஒழுங்காகக் கேட்டு எழுதுவது, நீங்கள் ஆய்வு முறையியல் பாடத்தில் படித்தது அதேதான். கோபோ என்ற இலவச மென்பொருளில் கேள்விக்கொத்தைப் போட்டுத் தொலைபேசியில் தரவு எடுக்கப் பழகினால் நேர்முகத்தில் நீங்கள் முன்னுக்கு நிற்பீர்கள். ஒரு வாரத்தில் பழகலாம்.

சுயவிபரக்கோவையில் நம் ஆட்கள் எல்லோரும் விடும் ஒரு பிழை இருக்கிறது. ஆய்வேட்டின் தலைப்பை மட்டும் போடுவது. "பாடசாலை இடைவிலகலில் செல்வாக்குச் செலுத்தும் சமூகக் காரணிகள்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, எல்லோருடைய தலைப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: எத்தனை பாடசாலைக்குப் போனீர்கள், யாரிடம் அனுமதி எடுத்தீர்கள், எத்தனை பெற்றோரை வீட்டில் சந்தித்தீர்கள், பேசியதை எப்படிப் பதிந்து எழுத்தாக்கினீர்கள், முடிவை யாருக்குக் காட்டினீர்கள். அனுமதிக் கடிதத்துக்காக வலயத்துக்கு நான்கு முறை அலைந்தது உங்களுக்குச் சலிப்பான நினைவாக இருக்கலாம், நிறுவனத்துக்கு அதுதான் வேண்டும், அரச அலுவலகத்தோடு பொறுமையாக வேலை செய்யத் தெரிந்த ஆள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுங்கள், பெண்பிள்ளைகள் கட்டாயம் எடுங்கள். களவேலை என்றால் முத்தையன்கட்டுக்கும் போக வேண்டும், பூநகரிக்கும் போக வேண்டும், பின்னேரப் பஸ்ஸை நம்பினால் திரும்பி வர முடியாது. யானை நடமாடும் பாதைகளில் இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று நிறுவனத்துக்கு முதலிலேயே சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நான் வேலை செய்த நிறுவனத்தில் கடைசி மூன்று மாதத்துக்குச் சம்பளம் பிந்தித்தான் வந்தது, வீட்டில் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதனால் சொல்கிறேன், முதல் மாதத்தில் இருந்தே கொஞ்சம் எடுத்துவையுங்கள், ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே பாருங்கள்.

பல்கலைக்கழகமும் ஆய்வும்

வன்னிக்குள் பல்கலைக்கழகம் வந்துவிட்டதே, அங்கே போகலாமே என்று ஊரில் சொல்வார்கள். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமானது உண்மை, பம்பைமடுவில் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழில்நுட்பக் கற்கை பீடங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். நம் பாடம் சார்ந்த கல்வியியல் துறையும் சமூகவியல் துறையும் திருநெல்வேலியில். இடங்கள் சில, விண்ணப்பிப்பவர்கள் பலர், முதல் பட்டத்தில் என்ன வகுப்புச் சித்தி என்றுதான் முதலில் பார்ப்பார்கள். முதல் பட்டத்தில் நல்ல வகுப்பு இருந்தால் முயற்சி செய்யுங்கள், இல்லையென்றால் கல்வியியற் கல்லூரிப் பாதையில் மனதை வையுங்கள். அது குறைந்த பாதை இல்லை.

கலாநிதிப் பட்டத்துக்கு வெளியில் போக நினைத்தால் பொதுநலவாயப் புலமைப்பரிசில்களும் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்களும் இருக்கின்றன. சொந்தக் காசைக் கட்டிப் போகாதீர்கள், காணியை ஈடுவைத்துப் போனவர்களின் வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பில். சமூக விஞ்ஞானிகள் சங்கம், இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம், வறுமை ஆராய்ச்சி நிலையம் போன்றவை வடக்கில் ஆய்வு செய்யும்போது தமிழில் நேர்காணல் எடுக்க, எழுத்தாக்க, மொழிபெயர்க்க ஆள் தேடும். இந்தச் சின்ன வேலைகள்தான் வாசல். நேர்காணல் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையில் பெரிதாக வருமானம் இல்லை, கை வலிக்கும், ஆனால் சனம் சொன்னதைச் சொன்ன மாதிரியே, "உவையள்", "எங்கட ஆக்கள்", "அங்கால" எல்லாம் சேர்த்து எழுதிக்கொடுக்கிறவரை அடுத்த முறை கள ஆய்வாளராகக் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட்டது அப்படித்தான்.

வெளியில் இருந்து வருகிற ஆய்வாளருக்கு வருடக் கணக்கில் எடுக்கும் விசயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை மறக்க வேண்டாம். பேர்ன்ஸ்டைன் என்ற பிரித்தானிய சமூகவியலாளரின் மொழிக் குறியீடுகளை, அதாவது வீட்டுப் பேச்சுக்கும் பள்ளிக்கூடம் எதிர்பார்க்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை, லண்டன் பிள்ளைகளை வைத்துப் படித்திருப்பீர்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் தங்கள் பேச்சுத்தமிழில் பதில் சொன்னதற்காகத் திருத்தப்படுவதை அந்தக் கண்ணோடு யார் பார்த்திருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற ஆசிரியர்கள் பிற்பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸுக்கு ஓடவேண்டியிருப்பதால், பின்னேரம் மெல்லக் கற்கும் பிள்ளைகளோடு உட்கார ஆள் இல்லாமல் போவது, கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிந்ததும் வரும் இடமாற்ற அலை, காலபோக அறுவடை நேரம் தை மாசியில் வரவு குறைவது, ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் படிப்பிக்கும் சின்னப் பள்ளிக்கூடங்கள், இவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், வன்னி மாவட்டங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மாவட்டத்துக்குள் அந்த இடங்கள் நகரப் பள்ளிக்கூடத்துக்குப் போகின்றனவா, கரையோரக் கிராமத்துக்கும் போகின்றனவா என்று தேடிப் பார்க்க எவ்வளவு இருக்கிறது! 2009இல் முகாமுக்குள் இருந்து புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இன்றைக்குப் பட்டதாரி வயதைத் தாண்டிவிட்டார்கள். இதை வாசிக்கிற நீங்களே அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

ஒரு விசயத்தில் மட்டும் கவனம். இங்கே சனம் 2009இல் இருந்து எத்தனையோ படிவம் நிரப்பிக் கொடுத்துக் களைத்துப்போய் இருக்கிறார்கள். என் ஆய்வுக்காக மல்லாவிப் பக்கம் ஒரு அம்மாவைச் சந்தித்தபோது, "ரீச்சர், நீங்களும் எழுதிக்கொண்டு போயிடுவியளோ?" என்று கேட்டார். அன்றைக்கு நான் கொப்பியை மூடிவைத்தேன். பிறகு அவருடைய மகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அதிபரோடு பேசி முடித்த பிறகுதான் நேர்காணலே எடுத்தேன். ஆய்வை முடித்த பிறகு அந்தப் பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பிப் போங்கள். கண்டதை ஒன்றரைப் பக்கத்தில், நல்ல தமிழில், அட்டவணை ஒன்றோடு எழுதி அதிபருக்கும் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் வலயத்துக்கும் கொடுங்கள். கொடுக்க வேண்டிய கடமை அது. அதோடு, வேலைக்கு ஆள் தேவைப்படும் நாளில் உங்கள் பெயர் அவர்கள் நினைவில் இருக்கும்.

நேர்முகப் பரீட்சைக்கு ஒரு பதில்

எந்தப் பாதையில் போனாலும் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து "கல்விச் சமூகவியல் எண்டால் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். டேர்க்கைம் எப்படி வரைவிலக்கணம் சொன்னார், பூர்தியே பண்பாட்டு மூலதனம் என்று எதைச் சொன்னார் என்று தொடங்கினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் சொந்த ஆய்வில் இருந்து ஒரு பிள்ளையை, பெயர் சொல்லாமல், எடுத்துச் சொல்லுங்கள். நான் இப்படிச் சொல்வேன்: "ஒரு பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. பள்ளிக்கூடம் அதைச் சோம்பல் என்று பதிந்தது. வீட்டுக்குப் போனேன். தாய் கூலிவேலைக்குப் போகும் நாட்களில் தம்பியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. முன்பள்ளி நேரத்தை ஒரு மணித்தியாலம் கூட்டினால் அக்கா பள்ளிக்கூடம் வருவாள் என்று கண்டோம், பெற்றோர் சேர்ந்து அதைச் செய்தார்கள், அவள் வந்தாள். பிரச்சினை பிள்ளையிலா, பள்ளிக்கூடத்திலா, வீட்டிலா, ஊரிலா என்று பிரித்துப் பார்த்து, எங்கே கை வைக்கலாம் என்று சொல்கிற படிப்பு இது." ஒரு நிமிடத்துக்குள் முடியும். உங்கள் கதையை இந்த அளவில் எழுதி, வீட்டில் அம்மாவுக்கு முன்னால் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்கு விளங்கினால் தெரிவுக்குழுவுக்கும் விளங்கும்.